வளைய வேண்டிய கம்பி

எல்ராய் பெலான்ஜரை வேலைக்கள்ளன் என்று கோணல் ஏரிக்கரையில் ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. வேலையைத் திருத்தமாகச் செய்துதான் அவன் குடியைக் கெடுத்தான். அவன் பெண்டாட்டி வெர்னாவுக்கு ஆறாமல் போனதே அதுதான். குடித்துவிட்டுப் படுத்துக் கெடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டி, ரெண்டு நாள் பேசாமல் இருந்து, விட்டுத் தொலைத்திருப்பாள். ஒழுங்காக, யோசித்து, முட்டிவலியோடு செய்த காரியத்தை எங்கே கொண்டுபோய் வைத்துத் திட்டுவது?

அணை பழைய அணை. காகித ஆலைக்கு மின்சாரம் எடுக்க யாரோ கட்டியது. ஆலை செத்து, அதன் புகைபோக்கியை இடித்து, செங்கல்லை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப் போய் முற்றத்தில் பரப்பி முடித்த பிறகும் அணை மட்டும் நின்றது. பவர் ஹவுஸில் இரண்டு டர்பைன்கள் முனகிக்கொண்டே சுற்றும். கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டன. வாசலில் பெயர்ப்பலகை மாறியது, டர்பைன்களை ஓட்டுகிற எல்ராய் மாறவில்லை. அவனுக்கு முன்னால் அவன் அப்பன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கலாம் என்பது அந்த அணையின் கையில். மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற கலிங்கின் தலையில் வரிசையாகத் துளைகள். துளைக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டிருக்கும், அதில் சாய்ந்தபடி மரப்பலகை. பலகை நிற்கிற வரைக்கும் ஏரி நிறைந்து நிற்கும், தெற்குக் கரையில் கோடைக்கு வந்து இறங்குகிற சிக்காகோக்காரர்களின் படகு தரை தட்டாது, டர்பைனும் சுற்றும். பெருமழை பெய்தால் தண்ணீர் நெருக்கும், குழாய் வளையும், பலகை பிய்த்துக்கொண்டு போகும், ஏரி தன் பாட்டுக்கு வடியும். மதகு என்று ஒன்று உண்டுதான். அது துருப்பிடித்து இறுகிப் போய் எத்தனையோ வருஷம். சரி பண்ணுகிறோம், சரி பண்ணுகிறோம் என்று கம்பெனியும் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆக, எல்லாம் அந்தக் குழாய்தான். கரையில் அதைக் கம்பி என்பார்கள். வளைவதற்கென்றே வைத்த கம்பி அது.

வளைந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நடுவது எல்ராயின் வேலை. வெள்ளம் வடிந்ததும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பனி உருகிய தண்ணீரில் தொடையளவு நின்று, ஒவ்வொரு துளையாகத் தடவித் தடவி நட வேண்டும். இதிலேயே அவன் முட்டி தேய்ந்தது. அவன் நட்டு முடிப்பதற்குள் தெற்குக் கரைக்காரர்கள் ஏரியைக் காணோம் என்று கம்பெனிக்கு போன் போட்டுக் கத்துவார்கள். கம்பெனி மேற்பார்வையாளன் ஹாகன் எல்ராயிடம் கத்துவான். எல்ராய் வீட்டுக்கு வந்து நாயிடம் கத்துவான்.

அந்த வருஷம் பனி உருகியதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கிணறு போட வந்தவர்கள் விட்டுப் போன குழாய் கொட்டகையில் கிடந்தது. வெளிச்சுற்று அதே அளவு, துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கனம் மட்டும் ரெட்டிப்பு. வெட்டி, முனையை அரத்தால் ராவி, வரிசை பிசகாமல் நட்டு முடித்தான். ஹாகன் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஆள் எல்லா அணையிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வெர்னா மீன் பொரித்து, போன வருஷத்து நெல்லுச்சோறு வைத்திருந்தாள். எல்ராய் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், இனிமேல் பத்து வருஷத்துக்கு அசையாது என்று. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த களைப்பில் பாதிதான் கேட்டாள். நல்லதுதான், உன் முட்டியாவது தப்பித்தது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

இங்கே நெல் என்றால் யாரும் விதைத்து நடுகிறது இல்லை. ஏரிச்சேற்றில் தானாக உதிர்ந்து தானாக முளைப்பது. வெர்னாவின் பூர்வகுடிச் சனம் இந்த ஊருக்கு வந்ததே, சாப்பாடு தண்ணீர்மேல் வளருகிற இடத்தில் போய் நில்லுங்கள் என்று யாரோ சொன்னதால்தான். கோணல் ஏரியின் வடக்கு மூலையில் இருக்கிற குடாவுக்கு நெல்லுக்குடா என்று பேர். புரட்டாசி வாக்கில் படகுக்கு ரெண்டு பேராக இறங்குவார்கள். ஒருத்தர் நின்றபடி கழியால் தள்ள, இன்னொருத்தர் உட்கார்ந்து, ரெண்டு தேவதாருக் குச்சிகளால் கதிரை மடக்கித் தட்டினால் மணி படகுக்குள் விழும். பழுக்காதது தாளிலேயே நிற்கும், மிச்சம் விழுவது சேற்றுக்குப் போய் அடுத்த வருஷ விதையாகும். எல்ராய் தள்ளுவான், வெர்னா தட்டுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தப் படகில் மூன்றாம் ஆள் ஏறியதில்லை. தாள் ஒடியாமல் தள்ளுவதற்கு அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொண்டதே அதற்காகத்தான் என்று அவள் வெளிப்படையாகச் சொல்வாள்.

ஜூன் மாதம் பயிர் எழுந்து நிற்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் இலை தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும், அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி. அப்போது வேர் சேற்றைப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். அந்த நாட்களில் ஏரி ஏறக் கூடாது. ஏறினால் இலை மிதக்கப் பார்க்கும், வேரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வெர்னாவின் அம்மா காலத்தில் கம்பெனி இஷ்டத்துக்குத் தண்ணீரை ஏற்றி, குடா வருஷக்கணக்காக மொட்டையாகக் கிடந்தது. அதற்காக வழக்காடி, மறியல் செய்து, கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: பலகை இவ்வளவுதான், வெள்ளம் வந்தால் விழுந்துவிட வேண்டும். நெல் மறுபடி வந்தது.

அந்த ஜூனில் குடாவைப் பார்க்க வெர்னா தன் அத்தை மகன் மோரிஸோடு போனாள். நெல் எப்போது முற்றியது, எந்த நாளில் படகை இறக்கலாம் என்று சொல்கிற பொறுப்பு மோரிஸுடையது. அவன் சொல்வதற்கு முன்னால் ஒருத்தரும் இறங்கக் கூடாது. குடா முழுக்க இலை படுத்திருந்தது, துடுப்பு வைக்க இடமில்லை. மோரிஸ் சட்டைப்பையிலிருந்து புகையிலை எடுத்து, ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டான். அப்புறம்தான் அவனுக்கு வாய் திறந்தது.

"உம் புருஷனுக்கு முட்டி போயிருச்சுன்னா சொல்லு வெர்னா. இந்த வருஷம் நான் தள்றேன். அவனவிட எனக்கு மூஞ்சியும் லட்சணம்."

"நீ தள்ளுனா படகு நெல்லுக்குள்ள போவாது. காசினோ வாசல்லதான் போயி நிக்கும்."

மோரிஸ் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கரைக்குத் திரும்பும்போது, இந்த வருஷம் சாக்கு போதாது, சொல்லி வைத்துக்கொள் என்றான்.

மழை அடுத்த வாரம் பிடித்தது. முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். கொசு குறையும், தோட்டம் குளிரும். ரெண்டாம் நாளும் விடவில்லை. காட்டு ஓடைகள் எல்லாம் பழுப்பாகப் பொங்கி ஏரிக்கு வந்தன. வெர்னா கொட்டகையில் உட்கார்ந்து பிர்ச் மரப்பட்டை முறங்களுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். கை தைத்தது, காது அணைப் பக்கம் இருந்தது. இப்படி ஒரு மழைக்கு ரெண்டாம் நாள் மத்தியானத்துக்குள் பலகை போய்விடும். போகிற சத்தம் காடு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எல்ராய் முகம் சுளிப்பான், அவளுக்கு மனசு ஆறும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் படகுத்துறைக்குப் போனாள். வழக்கமாக உட்கார்ந்து கால் கழுவுகிற பாறையைக் காணோம். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அணைக்குப் போனாள்.

கலிங்குக்கு மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பலகை ஒன்றுகூட அசையவில்லை. எல்ராய் மழைக்கோட்டோடு பவர் ஹவுஸ் வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் காப்பி கொண்டுவந்திருக்கிறாளோ என்று கையைப் பார்த்தான்.

"பலக ஏன் போவல?"

"கம்பி தாங்குது." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவி.

"தாங்குறதுக்கா வச்சிருக்கு அத?"

அவன் கலிங்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முப்பது வருஷம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று.

அவள் விடவில்லை. இலை எப்படிப் படுத்திருக்கிறது என்று சொன்னாள். இன்னும் ஒரு நாள் இப்படி ஏறினால் ஒன்றும் மிஞ்சாது, இப்போதே போய் வெட்டி விடு என்றாள். அவன் ஹாகனுக்கு போன் பண்ணிவிட்டதாகச் சொன்னான். ஹாகன் பொறுக்கச் சொல்லியிருக்கிறான். ஜூலை நாலாம் தேதிச் சுதந்திர தினக் கொண்டாட்டம் நெருங்குகிறது, தெற்குக் கரை வீடு அத்தனையும் நிறைந்துவிட்டது, பலகையை இப்போது விட்டால் திரும்ப நட்டு ஏரி நிரம்புவதற்குள் கொண்டாட்டம் போய்விடும், மழை நின்றால் தானாக வடியும், ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று உத்தரவு. உத்தரவு இல்லாமல் கம்பெனிச் சொத்தை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் என்ன செய்வது என்று எல்ராய் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். நியாயமாக இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"ஹாகன் நம்மள மாதிரி நெல்லத் தின்னா வளந்தான்?"

"இல்ல. அதுக்கு நான் என்ன பண்ண? மேல இருக்கறவன் அவன்."

"அவன் எதிரி, எல்ராய். எதிரி எதிரியோட வேலையப் பாக்குறான். அவன்மேல எனக்குக் கோவமே இல்ல. நீ என் படகுல நிக்கிறவன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு நாள்தான், நாளைக்கு ஹாகன் சொல்லிவிடுவான் என்றான். அவள் வண்டியில் ஏறினாள். கதவை அடித்துச் சாத்தியதில் பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று தொங்கியது. அதை ரொம்ப நாளைக்கு அவள் சரி பண்ணவே விடவில்லை.

மறுநாள் மழை ஓய்ந்தது. மோரிஸ் வாசலில் வந்து நின்று, படகில் வருகிறாயா என்று கேட்டான். வேடிக்கைப் பேச்சு ஒன்றும் இல்லை. குடா வாயில் அவன் கழியை ஊன்றி நிறுத்தினான். ரிப்பன்கள் வளைந்து, சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதந்தன. வெர்னா ஒன்றை எடுத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. நுனியில் வெள்ளை வேர், அதில் போன புரட்டாசியில் விழுந்த மணியின் தோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தட்டி விழுந்த மணியாகக்கூட இருக்கலாம். அதைத் திரும்பத் தண்ணீரில் போட அவளுக்கு மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கோரையில் இருந்த லூன் பறவையின் கூட்டையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அம்மா பறவை சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அதற்காவது கத்த முடிந்தது.

காற்று வடக்கிலிருந்து. மிதந்தது எல்லாம் மெல்லத் திரண்டு அணையைப் பார்த்து நகர்ந்தது. மோரிஸ் அதைப் பார்த்துவிட்டு, வா, அங்கே போகலாம் என்றான்.

டர்பைனுக்குத் தண்ணீர் நுழைகிற வாயில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். கட்டை, தழை உள்ளே போகாமல் பிடித்துக்கொள்ளும். அதில் சேருவதை நீளமான இரும்பு வாரியால் வாரி மேலே போட வேண்டும். இவர்கள் போனபோது எல்ராய் வாரிக்கொண்டிருந்தான். ஒரு வாரு, ஒரு குவியல். பக்கத்தில் வைக்கோல் போர் மாதிரிக் குவிந்து, பச்சையாய்ச் சொட்டிக்கொண்டு கிடந்தது. அவன் எடுக்க எடுக்க மேலும் வந்து அடைத்தது. அவன் தடுப்பைப் பார்க்கவில்லை, வாரியைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்காமல் கை மட்டும் போய்வந்தது. வெர்னா கரையில் நின்றாள். அவள் வந்தது அவனுக்குத் தெரியும். திரும்பவில்லை.

ஹாகன் அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கினான். தடுப்பு அடைத்ததில் தண்ணீர் வரத்துக் குறைந்து ஒரு டர்பைன் நின்றுவிட்டது, அதுதான் அவன் கவலை. காலணியில் சேறு படாமல் ஒதுங்கி நின்றுகொண்டான்.

"எல்ராய், அந்தக் களையச் சீக்கிரம் வாரிப் போடுப்பா."

"அது களை இல்ல."

"என்னவோ ஒண்ணு. வாரு."

எல்ராய் வாரியைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். கருவி எதையும் அவன் எறிந்ததே இல்லை. உள்ளே போய் காஸ் வெட்டி, சிலிண்டர், கயிறு எல்லாவற்றையும் கொண்டுவந்தான். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையை மோரிஸிடம் நீட்டினான். மோரிஸ் வெர்னாவைப் பார்த்தான். அவள் தடுக்காததால் கயிற்றை வாங்கிக்கொண்டான். ஹாகன் ஏதேதோ சொன்னான். உத்தரவு, கம்பெனி, கோர்ட்டு, எல்லாம் வந்தது. எல்ராய் கரையோரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாக அறுத்தான். தான் ராவி நட்ட கம்பி, லேசில் அறுபடவில்லை. நாலைந்து அறுந்ததும் பலகை திமிறியது, அப்புறம் மொத்த வரிசையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. வர வேண்டிய சத்தம் அப்போது வந்தது. அதைக் கேட்டு வெர்னாவுக்கு மனசு ஆறவில்லை. பிள்ளை செத்த வீட்டுக்கு மருந்து கொண்டுவருகிற ஆளைப் பார்க்கிற மாதிரி புருஷனைப் பார்த்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஏரி வடிந்தது. வேரறுந்த நெல் சேற்றில் படிந்து அழுகி, ஊரே நாறியது. தெற்குக் கரையில் படகுகள் சேற்றில் குந்தின. நாலாம் தேதி வாணவேடிக்கையை அவர்கள் சேற்று நாற்றத்தில்தான் பார்த்தார்கள். அதற்காக வந்த புகார்கள் நெல்லுக்காக வந்ததைவிட அதிகம்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இனக்குழு ஆட்சி மன்றத்து ஆட்கள், அரசாங்கத்து ஆள், தெற்குக் கரைச் சங்கத்தார், கம்பெனி. ஹாகன் எழுந்து, அணை ஊழியர் பெலான்ஜர் அனுமதி பெறாமல் தடித்த கம்பி நட்டுவிட்டார், கம்பெனிக்கு இது தெரியாது, வருந்துகிறோம் என்று வாசித்தான். எல்ராய் கடைசி வரிசையில் தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாயில்லாமல் இருந்தது வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள்.

"நீங்க அவன் முதுகுல தட்டிக் குடுத்தீங்களே, அது எந்தக் கையி? வலதா, இடதா?"

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். ஹாகன் காகிதத்தைப் புரட்டினான்.

"அவன் பண்ணுன தப்பு எங்க வீட்டு விவகாரம். அத நான் பாத்துக்குறேன், நல்லாவே பாத்துக்குறேன். மதகு துருப்பிடிச்சுக் கெடக்கே, அது யாரு வீட்டு விவகாரம்? அது தொறந்திருந்தா இந்தக் கம்பி இரும்பா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன?"

அரசாங்கத்து ஆள் அப்போதுதான் எழுத ஆரம்பித்தான். மதகைச் சரி பண்ண உத்தரவு வந்தது, அதனால் எல்ராயைத் தனியாகப் பிடித்து வெளியே தள்ளவும் கம்பெனிக்கு முகம் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அவன் நன்றி என்று ஆரம்பித்தான். உனக்காகப் பேசவில்லை, வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றாள்.

ஆகஸ்டில் தெற்குக் கரைச் சங்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள், மிஸஸ் ப்ரெஸ்காட். கையில் ரிப்பன் கட்டிய கூடை. நடந்ததைக் கேட்டு எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிற்று, எங்களால் ஆனது என்று நீட்டினாள். உள்ளே ஜாம், சோப்பு, அப்புறம் அடுக்கடுக்காகக் கடைப் பாக்கெட் நெல். எங்கேயோ கலிபோர்னியாவில் வயல் வெட்டி, மெஷினால் அறுத்த கறுப்புச் சரக்கு. பாக்கெட்டின்மேல் இறகு சூடிய ஒருவன் படகில் நின்றான், கழியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு. வெர்னா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் வந்திருந்தாள், கண்கூடக் கலங்கியிருந்தது. அதுதான் கொடுமை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. வெர்னா கூடையை வாங்கிக்கொண்டு, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள். ஜாமை மோரிஸின் பேத்திக்குக் கொடுத்தாள். பாக்கெட்டுகளை மட்டும் அலமாரியில் அடுக்கினாள்.

நெல் காலம் வந்தது. பக்கத்து ஏரிக்காரர்கள் கோணல் ஏரிச் சனத்தையும் கூப்பிட்டார்கள், எங்களுக்கு விளைந்தது உங்களுக்கும்தான் என்று. அந்தக் காலைக் குளிரில் துறை முழுக்கப் படகும் காப்பியும் பேச்சுமாக இருந்தது. எல்ராய் வண்டியிலிருந்து படகை இறக்கி, கழியைத் துடைத்து எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் வந்து நின்றான். எல்லாரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வெர்னா தன் தேவதாருக் குச்சிகளை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து போய் மோரிஸ் படகில் ஏறினாள். மோரிஸ் மோசமாகத் தள்ளினான். தாளை ஒடித்தான், ரெண்டு தடவை கோரைக்குள் கொண்டுபோய்ச் செருகினான். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டினாள். சாயங்காலம் கரைக்கு வந்தபோது எல்ராய் அதே இடத்தில் நின்றிருந்தான். தூக்குவதற்குச் சாக்கைத் தொடப் போனான். அவள் சாக்கை மறுபக்கம் நகர்த்தினாள்.

வறுத்து, மிதித்து, புடைத்து முடித்து, முதல் சோற்றை ஏரிக்கும் இறந்தவர்களுக்கும் தனித் தட்டில் வைத்துவிட்டு ஊரோடு சாப்பிட்டார்கள். அன்றோடு எல்ராய்க்குப் புதுநெல் முடிந்தது. மறுநாள் வெர்னா ஒரு கடைப் பாக்கெட்டைப் பிரித்தாள். நம்முடைய நெல் காப்பி குடித்து முடிப்பதற்குள் வெந்துவிடும். அது மணிக்கணக்காகக் கொதித்தும் பல்லைப் பதம் பார்த்தது. அதை வடித்து அவன் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு நல்ல நெல்லுச்சோறும் மான்கறியும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவன் ஒரு வாய் மென்றான். தட்டைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தான். இன்னொரு வாய் மென்றான்.

பனிக்காலம் முழுக்க அவனுக்கு அதுதான் சோறு. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் அவள் பிடித்து விளாசியிருப்பாள், அவன் சொல்லவில்லை. பல்வலி வந்தது, அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் மென்றான். இப்படியும் ஒரு மனுஷன் ரோஷம் இல்லாமல் தின்பானா என்று அவளுக்கு அதற்கும் கோபம் வந்தது. மோரிஸ் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பாவம் வெர்னா, ஒரு கரண்டி நல்ல சோறு போடேன் என்றான். உனக்கும் அதில் ஒரு தட்டு வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். அவனுக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்தது.

மே மாதம் பனிக்கட்டி உடைந்து ஏரி திறந்தது. கம்பெனியிலிருந்து புதுக் கம்பிக் கட்டு வந்திறங்கியது. எல்ராய் அதைக் கொட்டகை வாசலில் போட்டுவிட்டு, உள்ளே வந்து வெர்னாவை ஒரு நிமிஷம் வரச் சொன்னான். இத்தனை மாதத்தில் அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் மாவுக் கையோடு வந்தாள்.

மெல்லிசுக் குழாய், பழைய அளவு, ஒப்பந்தத்தில் இருக்கிற அளவு என்றான். அரசாங்கத்து ஆள் முத்திரை குத்தியிருப்பதைக் காட்டினான். அவள் முத்திரையைப் பார்க்கவில்லை. ஒரு கம்பியை உருவினாள். படியோரத்துப் பாறைப்பிளவில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையில் தன் பாரம் முழுவதையும் போட்டுச் சாய்ந்தாள். முதலில் முறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் முனகி மடங்கியது. அவள் தரையில் விழப் பார்த்தாள். எல்ராய் பிடிக்கக் கை நீட்டினான், தட்டிவிட்டாள்.

இன்னொன்றை உருவினாள். அதுவும் வளைந்தது. இன்னொன்று. நெற்றியில் வேர்த்து, முடி பிரிந்து, மாவு எல்லாம் கம்பியில் அப்பியது. ஒவ்வொன்றையும் வளைத்து அவன் காலடியில் எறிந்தாள். கட்டு பாதிக்குமேல் காலியாகிவிட்டது. அவன் தடுக்கவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாத்தயும் வளச்சுப்புட்டா நான் எத நடுறது?"

"கம்பெனிக்குப் போன் போடு. வேற கேளு. யாரு வளச்சான்னு கேட்டா எம் பேரச் சொல்லு."

"சரி."

"நீ நடுற அன்னிக்கி நானும் வந்து கரையில நிப்பேன்."

"சரி."

அவன் வளைந்த கம்பிகளைப் பொறுக்கி ஒரே நீளமாக அடுக்க ஆரம்பித்தான். வளைந்ததையும் ஒழுங்காக அடுக்குகிற ஜென்மம். முட்டி மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் குனிய முடிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேற்றுக்குள் பழைய விதை கொஞ்சம் கிடக்கும், எல்லாம் ஒரே வருஷத்தில் முளைத்துவிடாது, ஜூனில் இலை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் குடாவுக்குள் தாளோ இலையோ ஒடியாமல் படகு போக வேண்டும். மோரிஸை நம்பி அங்கே போக முடியாது.

"வர்ற ஜூனுக்குப் படகு..." என்று எல்ராய் குனிந்தபடியே ஆரம்பித்தான்.

"அலமாரியில இன்னும் ரெண்டு பாக்கெட்டு இருக்கு," என்றாள் வெர்னா. "அத மொதல்ல தின்னு முடி. அப்புறம் படகப் பத்திப் பேசு."

உள்ளே போய் உலையை வைத்தாள்.